முப்பத்துநாலுக்குக் கீழே

பஞ்சிகாவத்தையில் மாஹிர் சத்தியம் பண்ணித்தான் தந்தவர்:
"சேர், பத்து இஞ்சி. ஜப்பான் வேனொண்டுல கழட்டின.
கிழிசல் இல்ல, கருகின வாசம் இல்ல, மோந்து பாருங்க."
மோந்து பார்த்தேன். பசை மணத்தது.
ஓட்டோவில் மடியில் வைத்து வெள்ளவத்தை வரை வந்தேன்.
குழிக்குக் குழி என் வயிற்றில் இடித்தது.

இப்போது மூன்றாம் மாடி. வெள்ளி இரவு எட்டரை.
பெட்டி இருமுகிறது.

எல்லாவற்றுக்கும் இல்லை.
தவிலடி வல்லின எழுத்துப்போல் திருத்தமாய் விழுகிறது.
நீளமாய்க் கீழிறங்கும் ஒரு நாதம் வந்தால்தான்
யாரோ ஈரச் சாரத்தை உதறுகிற சத்தம்.

முதலில் என்னையே சந்தேகித்தேன்.
அம்பின் குமிழைக் கால்வாசி திருப்பிக் குறைத்தேன்.
இருமல் தணிந்தது, போகவில்லை.
எட்டுத் திருகாணியையும் எதிரெதிராய் இறுக்கினேன்,
கார்ச் சில்லுப் பூட்டுகிற மாதிரி.
ஒன்று பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது;
ஓட்டையில் தீக்குச்சி ஒடித்துச் செருகினேன்.
விரல்களை விரித்துக் கூம்பை மெல்ல அமத்தினேன்.
உரசல் இல்லை.
மாஹிர் பொய் சொல்லவில்லை.

பிறகு பாட்டை நிற்பாட்டிவிட்டு
போனிலிருந்து வெறும் ஒலியை விட்டேன்,
அறுபது ஹேர்ட்ஸில் தொடங்கி ஒவ்வொன்றாய் இறக்கி.
நாற்பத்தேழில் எங்கோ ஒரு கிணுகிணுப்பு.
அதோடு கதவிலும் தட்டல்.

கீழ்வீட்டு சிராணி. களுபோவில ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே எடுக்கிறவர்.
தன் வீட்டு லைட் மூடி ஆடுகிறதாம்.
சண்டைக்கு வந்தவர், கழற்றிப்போட்ட வயரையும்
தரையில் குந்தியிருந்த என்னையும் பார்த்து
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

நேரே போய் ஷோகேஸ் கண்ணாடியில்
ஒற்றை விரலை வைத்தார்.
கிணுகிணுப்பு நின்றது.
இவ்வளவு நேரமும் கல்யாணப் பரிசுக் கோப்பைகளின் பழியை
பெட்டி சுமந்திருக்கிறது.

முப்பத்துநாலு.
இங்கேதான் அந்த விநோதம்:
கூம்பு ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது,
பக்கத்துத் துளை முழுச் சத்தத்தையும் பேசுகிறது.
உள்ளே அடைபட்ட காற்று
கூம்பின் முதுகில் கை வைத்துப் பிடித்திருக்கிறது.
சிராணி துளை வாயில் உள்ளங்கையைக் காட்டினார்.
"மூச்சு விடுது," என்றார், தமிழில்.
அவருக்குத் திருத்தமாய் வரும் தமிழ்
வேலையில் நாளுக்கு எண்பது தடவை சொல்லும் இரண்டு வரி:
மூச்சை இழுத்துப் பிடியுங்கோ.
இனி விடுங்கோ.

முப்பது. இருபத்தாறு.
காற்று கையை எடுத்துவிட்டது.
பிடி இல்லாத கூம்பு முன்னும் பின்னும் பேயாட்டம் ஆடியது,
இருபத்திரண்டில் அடித்தொண்டையில் போய் மோதியது.
ஈரச் சாரம்.

"பிடிக்கச் சொல்லுங்கோ," என்றார் சிராணி.
மகனின் பள்ளிக்கூடக் காலுறை இரண்டையும் உருட்டி
துளைக்குள் திணித்தேன்.
மோதல் நின்றது. கூடவே பாதிக் கனமும் போனது;
சளி பிடித்தவன் கதைக்கிற மாதிரி ஒரு குரல்.
காலுறையை உருவினேன். வேறு வழி இருந்தது:
அம்பின் பின்புறம் ஒரு சின்ன ஆளி, தூசியோடு,
இருபத்தெட்டுக்குக் கீழே எதையும் உள்ளே விடாமல்.
அரை மணித்தியாலம் தொட்டுப் பார்க்காத ஒரே சாமான் அதுதான்.

அமத்திவிட்டு அந்தப் பாட்டைத் திரும்பப் போட்டேன்.
இறங்கும் நாதம் இறங்கியது,
ஓரிடத்தில் பேச்சை விட்டுவிட்டது,
அவ்வளவு ஆழம் தன் வேலை இல்லை என்பதுபோல.
துளை விளிம்பில் மட்டும் இன்னும் ஒரு சிறு 'புஸ்'.
அதை நாளைக்கு அரத்தாள் போட்டுத் தேய்க்கலாம்.

"ஒன்பதரைக்கு நிற்பாட்டவேணும்,"
செருப்பை மாட்டிக்கொண்டே சிராணி சொன்னார்.
நிற்பாட்டினேன்.

ஒன்பது நாற்பதுக்குக் கடலோரமாய் ரயில் போனது,
பாணந்துறைப் பக்கம்.
முதலில் தரை, பிறகு கட்டில் கால்,
பிறகு ஷோகேஸில் அத்தனை கோப்பைகளும்.
எழும்பிப் போய்க் கண்ணாடியில்
ஒற்றை விரலை வைத்தேன்.