சிலுவைப் பட்டன்

வண்ணார்பேட்டையில் மைதீன் பிச்சை
மூன்றை எடுத்து வைத்தான்.
வெள்ளை, ஊதா,
உள்ளிருக்கும் கம்பியெல்லாம் தெரிகிற பச்சை.
"வெள்ளையில சிடி காலத்து கேமும் திக்காதுண்ணே.
ஊதா கொஞ்சம் மூச்சு வாங்கும்.
பச்சை எட்டு பிட், பதினாறு பிட், அதோட சரி."

நான் சிப்பைக் கேட்கவில்லை.
இடது கையை மேசைமேல் வைத்தேன்.
போன ஆனியில், பணகுடிக் காற்றாலையில்,
கட்டைவிரலின் முதல் கணுவை
கியர்பாக்ஸ் மூடி எடுத்துக்கொண்டது.
பார்த்தான். சொல்லவந்த விலையை விட்டுவிட்டு
பேட்டரியைச் சொன்னான்.

வெள்ளையில் மேலே குச்சி,
சிலுவைப் பட்டன் கீழே. மீதி விரல் எட்டவில்லை.
ஊதாவில் எட்டியது, வழுக்கியது.
பச்சையில் தட்டினேன்:
இடம், வலம், குறுக்கே மேல்.
குட்டி ஆள் பள்ளத்தைத் தாண்டினான்.
இன்னொரு தடவை. தாண்டினான்.

"பெரிய கேம் ஓடாது. பொறவு என்னைய ஏசப்பிடாது."
"ஏசலடே. கட்டு."

இப்போது கோபுரத்தின் அடியில்,
இரும்புக் கதவுக்குள் உட்கார்ந்திருக்கிறோம்.
காற்று இறங்கினால்தான் ஏறலாம்.
றெக்கையின் நிழல்
திரையை வெட்டி வெட்டிப் போகிறது.
இடுப்புக் கொக்கியைக் கழற்றாமலே இஸ்ரவேல்
"எத்தனாவது கட்டம்?" என்கிறான்.

நாலு.
ஐந்தில், கீழ் இடது மூலையை
அமுக்கிப் பிடித்தபடியே ஓட வேண்டுமாம்.
கடையில் நான் தட்டிப் பார்க்காதது
அந்த ஒரு மூலைதான்.