சாரம்

கீமோ ஆறாவது சுற்று முடிந்து நான்கு மாதம்.
முடி வந்துவிட்டது, முன்பைவிடச் சுருளாக.
“பழையபடி ஆயிட்டீங்க” என்கிறாள் சியூ லிங்,
பக்கத்து அறையின் ஹொக்கியன் மொழிபெயர்ப்பாளர்.
ஆகிவிட்டேன்.
நேற்று மட்டும் ஒன்பதாம் மாடியில் இறங்கி
யார் வீட்டுக் கதவிலோ சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.
என் வீடு பதினொன்றில்.
கதவைத் திறந்த மலாய்ப் பெண்
ஒன்றும் கேட்கவில்லை.
மின்தூக்கிவரை கூடவே வந்தாள்.

டாக்டர் ஐந்து சொற்கள் கொடுத்தார்.
ஐந்து நிமிடம் கழித்து மூன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.
“நாளாக ஆகச் சரியாகும்.”
எத்தனை நாள் என்றாரே,
அதுவும் அந்த இரண்டோடு போய்விட்டது.

புக்கிட் பாஞ்சாங்கில் ஏறி
சைனாடவுனில் இறங்க வேண்டும்.
உள்ளங்கையில் எழுதியிருக்கிறேன்.

சாட்சிக் கூண்டில் வீரபத்திரன்,
அறந்தாங்கிப் பக்கம், துவாஸ் கட்டுமானத் தளம்,
இடது கை கட்டில் தொங்குகிறது.
“சாரம் சரிஞ்சிருச்சு” என்றான்.

வாயைத் திறந்தேன்.
சாரம் எனக்குத் தெரிந்தது:
இரும்புக் குழாய், குறுக்குப் பலகை,
பச்சை வலை, வலையில் சிக்கிப் படபடக்கும் பிளாஸ்டிக் பை,
எல்லாம் கண்முன் நின்றது.
அதன் ஆங்கிலப் பெயர் மட்டும்
எழுந்து வெளியே போயிருந்தது.
போன வருடம்வரை
நூறு தடவை சொன்ன பெயர்.
நீதிபதியின் பேனா நின்றது.
கட்டடத்தைச் சுற்றிக் கட்டுவது என்று
சுற்றி வளைத்தாவது சொல்லலாம் என நினைக்க,
அந்த நினைப்பும் பாதியில் அறுந்தது.

“ஸ்காஃபோல்டிங், அக்கா”
என்றான் சாட்சி, தணிந்த குரலில்,
கைதவறி விழுந்த ஸ்பானரை
எடுத்துக் கொடுப்பவனைப் போல.
வாங்கிக்கொண்டு, ஆங்கிலத்தில் சொன்னேன்.
சாட்சியோடு சொந்தப் பேச்சுக் கூடாது, அது விதி.
நன்றி இன்னும் என்னிடமே இருக்கிறது.

பிறகு குறுக்கு விசாரணை.
எந்தப் பக்கம் சரிந்தது?
முதலில் கத்தியது யார்?
காலையில் இடுப்பு வாரை மாட்டினாயா, இல்லையா?
“ஞாபகம் இல்லீங்க.”

பத்தொன்பது வருடமாக இதை மொழிபெயர்க்கிறேன்.
திருடியவர், தள்ளிவிட்டவர்,
பார்த்தும் நமக்கேன் வம்பென்று போனவர்,
எல்லாரும் கடைசியில் வந்து ஒதுங்கும் சொல்.
சொல்வதுதான் என் வேலை, நம்புவது அல்ல.
ஆனாலும் என் குரலில் ஒரு சின்ன வளைவு இருந்திருக்கும்.
எத்தனை பேரை
அந்த வளைவில் கவிழ்த்தேனோ.

இன்று நேராகச் சொன்னேன்.
வழக்கறிஞர் புருவம் தூக்கினார்.
இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.
சாட்சி எப்படிச் சொன்னாரோ அப்படியே,
தன்மை ஒருமையில் பெயர்க்க வேண்டும்,
அதுவும் விதி.

எனக்கு ஞாபகம் இல்லை.