இரண்டு மீட்டர் தூரத்தில்

யோயென்சூவில் நவம்பர்.
பிற்பகல் இரண்டரைக்கே தெருவிளக்குகள் விழித்துக்கொள்கின்றன.
ஏழாம் எண் ஆய்வறையில்
மரம் வெட்டும் எந்திரம் ஓட்டுகிற ஔலிஸின் மூக்கில்
நூற்றுப்பத்து கிராம் கண்ணாடியை ஏற்றி வைக்கிறேன்.
கனக்கிறதா?
"இருபது வருஷம் ஹெல்மெட் சுமந்த தலை" என்கிறார்.

காதோரக் கம்பிக்குள் பார்லி மணியளவு விளக்கு.
அதன் ஒளி தகட்டின் ஓரமாய் நுழைந்து,
வெளியேற வழியின்றி
சுவருக்குச் சுவர் முட்டி முட்டி ஓடி,
கண்ணுக்கு நேரே வந்ததும்
கீறல்களின் வரிசையில் இடறி
கொஞ்சம் கொஞ்சமாய்ச் சிந்துகிறது.
ஒரு தலைமயிரின் அகலத்தில் நூறு கீறல்களுக்கு மேல்.
போட்டவள் நான்.
அவருக்குத் தெரிவதோ
அந்தரத்தில் ஒரு பச்சை அம்பு:
இந்த மரத்தை வெட்டு.

"எங்கே இருக்கிறது இது?"
இரண்டு மீட்டரில்.
ஆனால் அங்கே ஒன்றுமில்லை.
ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுபோய்ப் பிடித்தால்
தாள் வெறும் தாளாகவே இருக்கும்.
அங்கிருந்து கிளம்பியதாகச் சொல்லிக்கொண்டு
கதிர்கள் வருகின்றன.
கண் அந்தப் பேச்சை நம்பி
வந்த வழியே பின்னோக்கி நடந்து,
அவை சந்தித்திருக்க வேண்டிய இடத்தில்
அம்பை நட்டுவைக்கிறது.
மாய பிம்பம்.
எங்கள் பள்ளிப் புத்தகம் இன்னும் கறாராக
பொய்ப்படம் என்றே சொல்லும்.
நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன்,
சம்பளம் வாங்குகிறேன்.

சோதனையின் கடைசிப் பகுதி:
பிடித்த படம் ஒன்றை ஏற்றலாம்.
தன் கைப்பேசியை நீட்டினார். ஒரு நாய்.
நோகி, எங்கள் மொழியில் கரி.
பெயருக்கு ஏற்ற நிறம்.
இப்போது லீக்ஸாவில், ஐலியோடு.
விவாகரத்துத் தாளில் நாயைப் பற்றி ஒரு வரியும் இல்லையாம்,
அதனால் அது ஐலியின் காருக்குள் ஏறிவிட்டதாம்.

ஏற்றினேன்.
சிவப்புக் கழுத்துப்பட்டை வந்தது.
நாக்கு வந்தது.
இரு கண்ணிலும் புள்ளி வெளிச்சம்.
நாய் வரவில்லை.
நாய் நிற்க வேண்டிய இடத்தில்
நாற்காலியும் தீயணைப்பு உருளையும்
பளிச்சென்று தெரிந்தன.

முதலிலேயே சொல்லியிருக்கலாம் நான்.
இந்தக் கண்ணாடிக்குக் கூட்டல் மட்டும்தான் தெரியும்,
கழித்தல் தெரியாது.
உலகத்தின் ஒளிமேல் தன் ஒளியைத் தூவும்,
எதையும் மறைக்காது.
கறுப்பு என்று கேட்டால்
ஒன்றும் அனுப்பாமல் சும்மா இருக்கும்.

கையை நீட்டினார்.
கை தெளிந்தால் பட்டை மங்கியது,
பட்டை தெளிந்தால் கை.
ஓரடி முன்னே வைத்தார். அதுவும் விலகியது,
அதே இரண்டு மீட்டர்.
"போன மாதம் நேரில் போனபோதும்
இப்படித்தான் பின்வாங்கியது" என்றார்.
சிரிப்பதா என்று தெரியவில்லை எனக்கு.

பிறகு கேட்டார்:
"விளக்கை அணைக்கலாமா?"
விதிமுறையில் இல்லை அது.
அணைத்தேன்.

ஜன்னலுக்கு வெளியே ஆறு, பனி, இருட்டு.
உள்ளே நாற்காலி போயிற்று, சுவர் போயிற்று.
அவர் கண்ணெதிரே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.
நான் பார்த்தது
கண்ணாடியின் வெளிப்பக்கமாய்க் கசிந்த
மங்கல் சிவப்பு ஒன்றை.
மூன்று வருஷமாய் நாங்கள் அடைக்கப் பார்க்கும் ஒழுகல் அது.
அது மெல்லக் கீழிறங்கியது.
குந்துகிறார் போல.
முழங்கால் சொடுக்கியது.

வெகுநேரம் கழித்து,
"முழுசா இருக்கு" என்றார்.

வினாத்தாளின் பதினான்காம் கேள்வி:
படத்தின் தெளிவு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள்.
ஐந்தை வட்டமிட்டு
பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்:
விளக்கில்லாமல்.

பச்சை அம்பைப் பற்றிய கேள்விகள்
ஒன்றிலிருந்து பதிமூன்று வரை.
எல்லாவற்றையும் காலியாக விட்டிருந்தார்.