போகிற போக்கில்

கிராம்பு காயும் பாயை ஓரமாகச் சுருட்டிவிட்டு
சிலேட்டை மடியில் வைத்திருக்கிறேன்.
பெம்பாத் தீவில் அறுவடை மாதம்.
ரெகுலேட்டரைக் கடித்தால்கூட
நாக்கில் அதே காரம்.

முதலில் ஒரு கோடு, அது பவளப்பார்.
கோட்டில் ஒரு இடைவெளி, அது வாய்:
இரண்டு குட்டித் தீவுகளுக்கு நடுவே
வெளிக்கடல் நுழைகிற சந்து.
ஒன்பது இருபதுக்கு நீர் ஏறத் தொடங்கும்
என்கிறது ஓத அட்டவணை.
ஏறும் நீரில் வெளி மூலையில் குதித்தால்
பதினெட்டு மீட்டர் ஆழத்தில்
காலை அசைக்கவே வேண்டாம்,
சுவரும் விசிறிப் பவளமும் தாமே நகர்ந்து
உள்ளே கொண்டுவந்து சேர்க்கும்.
இறங்கும் நீரில் அதே மூலையில் குதித்தால்
அடுத்த கரை பெருநிலம்,
ஐம்பது கிலோமீட்டர்.

அம்புக்குறி போடுகிறேன். அழிக்கிறேன். போடுகிறேன்.

முகாமி நைரோபியில் பல்மருத்துவர்,
காற்றை மடக் மடக்கென்று குடிப்பவள்.
அவள் காற்றுமானி நூறைத் தொட்டதும் சொல்ல வேண்டும்,
எழுபதில் மிதவையை விடுவேன்.
லுபோஷ் கேமராக்காரர்.
ஒரு கடல்நத்தைக்காக நின்றுவிடுவார்.
நின்றவரும் நகர்ந்தவரும்
இரண்டே நிமிடத்தில் இரண்டு ஊர்.
அதனால் மூவரும் ஒரே பார்வைக்குள்.
தவறினால் ஒரு நிமிடத் தேடல், பிறகு மேலே.
சிவப்பு மிதவை, ரீல், விசில்,
வெயிலைத் திருப்பிக் காட்ட ஒரு கண்ணாடித் துண்டு.
கண்ணாடி அவன் தந்தது.
திருப்பிக் கேட்கவில்லை.

இவ்வளவும் பென்சிலில் எழுதலாம்.
எழுத முடியாதது படகு.

நீரோட்டத்தோடு போகிறவளுக்குத்
திரும்பி வரும் வழி கிடையாது.
நங்கூரமும் இல்லை, கயிறும் இல்லை.
எங்கே எழுகிறேனோ அங்கே படகு வர வேண்டும்.
அதற்கு யாராவது நாற்பது நிமிடம்
கண்ணெடுக்காமல் என் குமிழிகளைப் பார்க்க வேண்டும்.

அந்த யாராவது, ஷாமே.
தலாக் ஆகி ஏழு மாதம்.

பதினோரு வருடம் ஒரே கூரை.
எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை,
போனது தெரிந்ததுமில்லை.
வேறு படகுக்காரனைப் பாரேன் என்கிறாள் தங்கை.
பார்த்தேன்.
ஒருவன் போனில் பந்தாட்டம் பார்க்கிறான்.
ஒருவன் தூண்டில் போட்டுவிடுகிறான்.
மூன்றாமவன் நல்லவன்,
அலைமேல் வெயில் சிதறும்போது
குமிழி எது நுரை எது என்று தெரியாதவன்.

காலையில் மூலைக்குப் போய்ச் சேர
ஒன்பதே முக்கால்.
ஷாமே ஒரு தேங்காய் மட்டையை எறிந்தான்.
அது மேற்கே போனது.
அட்டவணைப்படி ஏற வேண்டிய நீர்
மட்டையைப் பொறுத்தவரை இன்னும் இறங்குகிறது.
லுபோஷ் துடைத்த லென்ஸையே துடைத்தார்,
காசு கொடுத்தவரின் துடைப்பு.
முகாமி ரப்பர் உடைக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

காத்திருந்தோம்.
அவன் இயந்திரத்தருகே, நான் அணியத்தில்,
நடுவே எட்டு சிலிண்டர்.
ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து மட்டை எறிந்தான்.
ஐந்தாவது தயங்கியது.
எதையோ மறந்து வைத்ததுபோல்
இருந்த இடத்திலேயே இரண்டு சுற்று சுற்றி
கிழக்கே திரும்பியது.

"இப்போ" என்றான்.
இன்று அவன் பேசிய முதல் சொல்.

சிலேட்டை நீட்டினேன்.
எழுதியதைப் படிக்கவில்லை.
பென்சிலை வாங்கி, மிதவை எழும் இடத்தை
ஒரு விரற்கடை தெற்கே தள்ளிக் குறித்தான்.
அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.
கட்டைவிரல்கூட எச்சில் பட்டுத் தயாராக இருந்தது.
அழிக்கவில்லை.

முகமூடியில் கை. ஒன்று, இரண்டு.
பின்பக்கமாக விழுகையில் கடைசியாகத் தெரிந்தது
வானமல்ல,
தொப்பியை இறக்கிக்கொண்டு
கண்ணைச் சுருக்கும் ஒரு முகம்.

பிறகு பார் என்னைக் கடந்து போகிறது,
நீல விளிம்பில் சூரை மீன் கூட்டம் போகிறது,
நான் விடும் ஒவ்வொரு மூச்சும்
மேலே போய் அவன் கண்முன் உடைகிறது.

முகாமியைத் திரும்பிப் பார்க்கிறேன்.
நூற்று அறுபது என்று விரல் காட்டுகிறாள்.