பாஷாணம்

திங்கட்கிழமை பத்தரைக்கு
அணைக்கட்டு சார்பதிவாளர் ஆபீஸ்.
ஆதார் எடுத்துக்கோ, போட்டோ ரெண்டு, என்றார் அண்ணன்.
விடுதலைப் பத்திரம். இரண்டு லட்சம்.
"காய்ஞ்ச கொல்லைம்மா அது,
கள்ளிகூட யோசிச்சுத்தான் முளைக்கும்."

தணிகைவேலு அண்ணன்
கேட்காத காசைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.
இடித்தது.

மேல்விஷாரம் தோல் கம்பெனியில் கணக்கு எனக்கு.
பதினெட்டு வருஷமாய்
சதுர அடிக்குப் பத்துப் பைசா பிசகினாலும்
சாயங்காலத்துக்குள் பிடித்துவிடுவேன்.

முதலில் மூலப் பத்திரத்தின் நகல்.
முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரே மூச்சு:
நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாண
அக்ஷீணி ஆகாமி சித்த சாத்தியம் சகலமும்
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்.
மகள் என்ற சொல்லை எழுத அந்தக் கைக்குத் தோன்றவில்லை.
வாரிசுச் சான்றின் மூன்றாம் வரி எழுதியிருக்கிறது:
வேண்டா, மகள், வயது 41.

ஐந்தாவது சொல்லில் நின்றேன்.
பாஷாணம், எலிக்கு வைப்பதல்லவா?
பத்திர எழுத்தர் குணாளன் சிரிக்கவில்லை.
"கல்லும்மா. மண்ணுக்கடியில கிடக்கிற கல்லு."

ராத்திரியில் மண்ணியல் வரைபடத்தை இறக்கினேன்.
மாவட்டம் முழுக்க ரோஸ் நிறம்,
நடுவே புறங்கை நரம்பு மாதிரிப் பச்சைக் கோடுகள்.
பச்சை என்றால் டோலரைட்.
அறுத்து மெருகேற்றினால் கருப்பு கிரானைட்:
யார் வீட்டுச் சமையல் மேடைக்கோ,
யார் பெயரோ வெட்டும் கல்லறைக்கோ.

ஒரு கோடு ஊர்ப் பெயரின் கடைசி எழுத்தை உரசிக்கொண்டு
தெற்கே இறங்குகிறது.
ஒரு சென்டிமீட்டருக்கு அரை கிலோமீட்டர்.
கோட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்,
தரையில் ஐம்பது மீட்டர்.
புல வரைபடத்தில் எங்கள் 187/3
அகலம் நாற்பத்தொன்று.
மை முடியும் இடத்தில்
இருக்கிறவளா இல்லாதவளா நான்?
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

அப்புறம் கிணறுகளைக் கேட்டேன்.
பள்ளிக்கூடத்துக் கண்காணிப்புக் கிணறு
மாதாமாதம் தண்ணீர் மட்டம் சொன்னது,
ஒரு மே மாதத்தோடு நிறுத்திக்கொண்டது.
கல்லைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

வேலூர், வேளாண் பொறியியல் துறை,
ஆழ்துளைப் பதிவேடு, 1996.
துளை எண் 61. சாமிக்கண்ணு. என் அப்பா.

நாலு அடி வரை செம்மண்.
முப்பத்தொன்று வரை மக்கிய பாறை.
நாற்பத்தெட்டு வரை வெள்ளை.
நாற்பத்தெட்டிலிருந்து இருநூற்று நாற்பது: கருப்பு.
பிட் உடைந்தது, இரண்டு.
நீர் இல்லை.
முடிவு: தோல்வி.

அந்த வாரம் என் யூனிஃபார்ம் பாவாடையில் ஏறிய புழுதி
மூன்று துவைப்புக்கும் போகவில்லை.
கருமம் பிடிச்ச கல்லு என்று
அப்பா காறித் துப்பினார்.
அந்த ஒரு சொல்லுக்குப் பதினொரு வருஷம் தவணை கட்டினார்.

நகல் வாங்கக் கையெழுத்துப் போடும்போது
எனக்கு மேல் வரியைப் பார்த்தேன்.
பங்குனி மாதத் தேதி.
அதே துளை எண்.
வாலைச் சுழித்து முடிகிற அந்த 'லு'
ரேஷன் கார்டிலிருந்து எனக்குப் பழக்கம்.

வெட்டுவதா, விட்டுவைப்பதா,
பக்கத்துக் கொல்லைக் கிணறு என்ன ஆகும்,
கனிமத்துறை என்ன கேட்கும்,
ஒன்றும் தெரியாது எனக்கு. அது பிறகு.

ஞாயிறு ராத்திரி போன் வந்தது.
"எல்லாம் எடுத்து வெச்சிட்டியா?"
"அண்ணா, நாப்பத்தெட்டு அடிக்குக் கீழ
என்ன இருக்கு?"

அவர் வீட்டு டிவியில் யாரோ சோப்பு விற்றார்கள்.
விளம்பரம் முடிந்து அடுத்த விளம்பரம்.

"தண்ணி இல்ல," என்றார்.
"அதைக் கேக்கல."