இன்னும் வேர் பிடிக்கலை

கண் முகாம் முடிந்து பந்தலைப் பிரித்தபோது
பூங்கா எலி கடித்த பாய் மாதிரி கிடந்தது.
பந்தல்கால் ஊன்றிய பதினாறு குழி.
வேன் திரும்பிய இடத்தில் இரண்டு பள்ளம்.
மேடைப் பலகைக்கு அடியில்
மூன்று நாள் வெயில் பார்க்காத புல்
ஊறவைத்த அரிசி நிறத்தில் வெளுத்திருந்தது.
ஜெனரேட்டர் நின்ற மூலை
டீசல் குடித்துக் கறுத்துப்போயிருந்தது.

ஐப்பசி பிறந்து நான்கு நாள்.
"தேசம்மா, மழைக்குள்ள பச்சை ஆயிடணும்"
என்றார் சூப்பர்வைசர் டில்லிபாபு,
பச்சை ஏதோ சுவருக்கு அடிக்கிற பெயின்ட் போல.
நர்சரிக்குப் போன் போட்டு
சதுர அடி விலை கேட்டார்.
கேட்டதும் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதனால்தான்
கொருக்குப்பேட்டை தண்டவாளத்து ஓரம் போனேன்,
இரண்டு கோணிப்பையோடு.
கூட்ஸ் வண்டிப் புகைக்கும் சாகாத அருகு
அங்கேதான் கிடைக்கும்.
கேட் மூடியிருந்த இருபது நிமிடத்தில்
பை இரண்டும் நிறைந்தன.
பைக்கில் காத்திருந்த ஒருத்தன்
"ஆட்டுக்கா அக்கா?" என்றான்.
ஆமாம் என்றேன்.
கேட் திறக்கப் போகிற நேரத்தில்
எதை விளக்க?

கோரையைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கிவிடும்,
விரலை விட்டுத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.
நகக்கண்ணில் மண்ணோடு இரண்டு நாள் சோறு தின்றேன்.
டீசல் மண்ணை முழங்கை ஆழம் வெட்டிக் கொட்டினேன்,
அதற்குக் கீழேயும் டீசல்.
போர்த் தண்ணீர் உப்பு. கேனில் பிடித்து
மெட்ரோ தண்ணீரைச் சுமந்து ஊற்றினேன்,
குடத்துக்குச் சண்டை போடுகிற தெருவில்
புல்லுக்கு ஊற்றுகிறவளைப்
பார்க்கிற பார்வைகளோடு.

தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு வழுக்கை.
முகாம் செய்ததல்ல அது.
ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம்,
தலைப்பக்கம் மட்டும் கொஞ்சம் பள்ளம்.
எத்திராஜ் படுக்கிற இடம்.
ராத்திரி ஹார்பரில் மூட்டை.
பகலில் வீட்டுக்குப் போனால்
இருக்கிற ஒரே அறையில்
மருமகளின் தையல் மிஷின் ஓடும்.

"இதையும் நட்டுடுவியா?"
"லிஸ்ட்ல இருக்கு."
எழுந்தார். செருப்பைத் தேடினார்.
போகவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து
பையிலிருந்து ஒரு பிடி எடுத்தார்.
"எவ்ளோ தள்ளி வெக்கணும்?"
"நாலு விரக்கடை."
தலைப்பக்கத்திலிருந்து தொடங்கினார்.
நான் கால் பக்கத்திலிருந்து.
இடுப்பு வருகிற இடத்தில் சந்தித்தோம்.
வேரை மண்ணில் புதைத்துக் குதிகாலால் மிதிக்கச் சொன்னேன்,
மெதுவாக மிதித்தார்,
யாரோ அடியில் தூங்குவது போல.

ஏழாம் நாள் மழை. பத்தாம் நாள்
டில்லிபாபு குடை பிடித்துக்கொண்டு
போட்டோ எடுத்து மேலே அனுப்பினார்.
அப்புறம் கார்த்திகை முழுக்கத்
தண்டையார்பேட்டையே முழங்கால் தண்ணீரில் நின்றது,
பூங்கா கேட்டைத் திறக்கவே ஆளில்லை.
எத்திராஜ் எங்கே தூங்கினார் என்று
நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்கழியில் ஒரு நாள் பதினொரு மணிக்கு வந்தார்.
மரத்தடி அடர்த்தியாக, ஈரமாக, பச்சையாக.
கையில் மடித்த பிளாஸ்டிக் சாக்கோடு
ஓரத்திலேயே நின்றார்.
தன் கையால் வைத்ததை மிதிக்க
மனசு வரவில்லையோ என்னவோ.
"நல்லா வந்திருக்கு" என்றார், குற்றம் சொல்வது போல.

ஜெனரேட்டர் மூலையைக் காட்டினேன்.
மூன்று தரம் நட்டேன் அங்கே,
மூன்று தரமும் கருகியது.
சாக்கை விரித்தார். மோந்து பார்த்தார்.
"ஹார்பர் வாசனைதான்."
செருப்பைத் தலைக்கு வைத்துக்
கண்ணை மூடிய நிமிடமே குறட்டை.

கேனைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போனேன்.
டில்லிபாபு வந்து அந்த மூலையைக் கேட்டால்
இன்னும் வேர் பிடிக்கலை என்று
சொல்ல வேண்டும்.