பதினேழாம் புட்டி

மக்காசரில், ஆய்வகத்தின் மூன்றாம் மாடியில்
பதினேழாம் புட்டியில் மட்டும்
பிசினுக்குள் ஒரு நீலக் கீற்று.

கொசுத்தேனீக்கு
மரத்தின் கசிவென்றும்
பெயின்ட் டப்பாவின் கசிவென்றும் பேதமில்லை.
ஒட்டினால் போதும்.
பின்னங்காலில் உருட்டிப் போய்
வாசலைப் பூசிவிடும்.

மற்ற பதினாறையும் எத்தனாலில் கரைத்து
புற ஊதா ஒளிமுன் நிறுத்தினேன்.
காயம்பட்ட மாமரம் தனக்கென்று சுரந்தது
தேனீ கூட்டுக்கென்று திருடியது
தேனீயிடமிருந்து நான்,
இன்னும் யாரென்று தெரியாத ஒரு தோலுக்காக.
எண்கள் ஏறின. சில நன்றாகவே ஏறின.
கண்ணாடிக் குடுவையில்தான்; கன்னத்தில் அல்ல.

நீலத்தைக் கழிவில் போடு, என்றார் மேலாளர் தென்ரி.
போட்டதாகக் குறிப்பேட்டில் எழுதினேன்.
புட்டி என் இழுப்பறையில் இருக்கிறது.

தானா பெருக் கரையில்
படகுக்கு நீலம் பூசும் தாயெங் நாபாவின்
மூங்கில் கூட்டிலிருந்து வந்தது அது.
அன்று மதியம் இரண்டு மணி.
சாரத்தின் மேல் அவர். தூரிகை நுனியில் ஒரு தேனீ.
விரட்டவில்லை.
பிடரி மட்டும் வெந்த இறால் நிறத்தில்.

என் வெயில் களிம்பை வாங்கி முகர்ந்தார்
விலை கேட்டார்
மூடியைத் திருகித் திருப்பித் தந்தார்.

இந்தப் பிசினை என்ன செய்வீர்கள், என்றேன்.
பலகை இடுக்கில் அப்புவேன்,
வெயிலில் விரிசல் விடாது.

உங்களுக்கு?

நான் என்ன படகா, என்றார்.